தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகம் மாற வேண்டிய நிலை வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். யாரோ ஒருவர் தரகரிடம் பேசுகிறார். "எத்தனை சதுர அடி வேண்டும்?" என்று தரகர் கேட்கிறார். நிர்வாகக் குழுவில் ஒருவர் மனக்கணக்காக ஓர் எண்ணைச் சொல்கிறார். அப்புறம் அந்த எண் மாறுவதே இல்லை. பார்க்கிற கட்டடங்கள், பேசுகிற வாடகை, நிதி கொடுப்பவருக்கு அனுப்புகிற பட்ஜெட் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நிர்வாக வேலையில் பல வருடங்கள் இருந்ததால் இப்படிப்பட்ட இடமாற்றங்களை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். இப்போது சின்ன அமைப்புகள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பேசுகிறேன். எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு வாரத்தில் உங்கள் வாசலைத் தாண்டி யார் யார் உள்ளே வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் எழுதி முடித்த பிறகு சதுர அடியைப் பேசலாம். ஏனென்றால், ஒரு தொண்டு நிறுவனத்தின் இடம் முதலில் உதவி கேட்டு வருகிறவருக்கு உரியது. சம்பளம் வாங்கும் நமக்கு அதற்கு அடுத்துத்தான் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில் எழுத ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். வழக்கமான இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள்; ஆண்டு விழா, தணிக்கை போன்றவை வராத வாரங்களாக இருக்கட்டும். வருகிறவர் தனியாக வந்தாரா, குழந்தையோடு வந்தாரா, எங்கே உட்கார்ந்தார், யாரிடம் பேசினார், காத்திருந்தாரா என்று குறித்துக்கொண்டே போங்கள். பெயர் வேண்டாம். ஊழியர்களுக்கும் இதே கணக்குதான்: எந்த நாற்காலியில் எந்த நேரம் ஆள் இருந்தது? முடிவில் கிடைக்கும் படம் பலரை ஆச்சரியப்படுத்தும். காலையில் காத்திருப்போர் பகுதி நிரம்பி வழிந்து வராந்தாவில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கும் அதே நேரத்தில், களப்பணியாளர்களின் மேசைகள் வரிசையாகக் காலியாக இருக்கும்.

ஒரு கற்பனை அமைப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 24 ஊழியர்கள். கணக்கு, ஆவணம், திட்ட ஒருங்கிணைப்பு என்று 9 பேர் நாள் முழுக்க மேசையில் இருக்கிறார்கள். மீதி 15 பேர் களத்தில். அவர்களில் ஒரே நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவர்கள் அதிகபட்சம் 6 பேர். ஆக, 15 மேசைகள் போதும். மேசை ஒன்றுக்கு 5 சதுர மீட்டர் என்றால் 75. வாரம் ஒரு நாள் 24 பேரும் கூடுகிறார்கள். மற்ற நாட்களில் அதே கூடத்தில் பயிற்சி நடக்கிறது. ஆளுக்கு 2 சதுர மீட்டர் வைத்து 48. தனியே பேச இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் 9, மொத்தம் 18. வரவேற்பும் காத்திருப்பும் 15. பொருட்கள் வைக்கும் ஸ்டோர் ரூம் 15. ஆவணங்களுக்கு 8. சாப்பிடும் இடம் 10. கழிப்பறைகள் 12. கூட்டினால் 201 சதுர மீட்டர். இதோடு நடைபாதை, சுவர், கதவு திறக்கும் இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 30 விழுக்காடு போட வேண்டும். 261 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,800 சதுர அடி வருகிறது.

தலைக்கு 10 சதுர மீட்டர் என்ற வழக்கமான சூத்திரத்தைப் போட்டிருந்தால் 240 வந்திருக்கும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் தலைக்கணக்கில் வாங்கிய இடத்தில் 24 மேசைகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். தனியே பேச அறை இருக்காது. பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் வெளியே கூடம் தேடி வாடகை கொடுப்பார்கள். பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பரப்பில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் மாறுகிறது.

மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் களப்பணியாளர்கள் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் நியாயமானது. தனக்கென்று ஓர் இடம் இல்லாத ஊழியர் அந்த அலுவலகத்தில் விருந்தாளி மாதிரி உணர்வார். அதனால் மேசை பொதுவாக இருந்தாலும் பூட்டும் சாவியும் உள்ள அலமாரி 15 பேருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து வருகிறவர் உடை மாற்றவும், கைபேசியைச் சார்ஜ் போடவும், பத்து நிமிடம் கால் நீட்டி உட்காரவும் இடம் வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஆகும் பரப்பு இரண்டு மேசைக்கு மேல் போகாது.

அடுத்து, தனியே பேசும் அறை. திட்டமிடலில் இந்த அறையைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் அடி வாங்கியவர், கடனில் மூழ்கியவர், நோயை மறைத்து வைத்திருப்பவர், பிள்ளையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல வந்தவர் ஆகியோருக்கு அமைப்பு கொடுக்கும் முதல் உதவி, பிறர் காதில் விழாமல் பேச ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் அவர் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டு போய்விடுவார். ஆலோசகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்த மீதியை அவரால் கேட்க முடியாது.

அறை என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. பல அலுவலகங்களில் தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங் வரைக்கும்தான் எழுப்பப்பட்டிருக்கும். அதற்கு மேலே, உண்மையான கூரைவரை வெற்றிடம். ஒலி அந்த வெற்றிடத்தில் ஏறி அடுத்த அறையில் இறங்கிவிடும். சுவர் மேல்தளத்தைத் தொட்டிருக்க வேண்டும். கதவு கனமானதாக, அடியில் இடைவெளி அடைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏசி குழாய் இரண்டு அறைகளுக்கும் பொதுவாகப் போனால் அதன் வழியாகவும் பேச்சு கசியும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் செய்தித்தாளை வாசிக்கட்டும், இன்னொருவர் வெளியே காத்திருப்போர் நாற்காலியில் உட்காரட்டும். குரல் கேட்கலாம், ஆனால் வார்த்தை புரியக் கூடாது. புரிந்தால் அந்த அறையை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

நாற்காலிகளையும் யோசித்துப் போட வேண்டும். கதவுக்குப் போகும் வழி இரண்டு பேருக்குமே திறந்திருக்க வேண்டும். மேசையைச் சுற்றி வந்துதான் வெளியேற முடியும் என்ற நிலை ஆலோசகருக்கும் ஆபத்து, பயந்துபோய் வந்தவருக்கும் மூச்சு முட்டும். அழுது முடித்தவர் மறுபடி காத்திருப்போர் கூட்டத்தைக் கடந்துதான் போக வேண்டுமா என்பதையும் பாருங்கள். பக்கவாட்டில் இன்னொரு கதவு கிடைக்கும் கட்டடம் என்றால் அதற்காகக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம் என்பது என் கருத்து. வாசல் பலகையும் இதில் சேர்த்தி. நோயின் பெயரையோ வன்முறையையோ பெரிய எழுத்தில் எழுதிய பலகைக்குக் கீழே நுழைய எல்லோருக்கும் துணிவு வராது. தப்பி வந்த பெண்கள் தங்கும் காப்பகம் என்றால் முகவரியே பலருக்குத் தெரியக் கூடாது. அதை நிர்வாக அலுவலகத்தோடு ஒரே கட்டடத்தில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

"சுவர்களை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள், இடமும் மிச்சம்" என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு உணரிகளை (சென்சார்) மாட்டி அளந்து பார்த்தார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. அவை பெரிய வணிக நிறுவனங்கள்தான். என்றாலும், நாள் முழுக்கப் பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு வந்து அறிக்கை எழுதும் ஊழியருக்கு அமைதி இன்னும் அதிகமாகவே தேவைப்படும் என்று நினைக்கிறேன். இயக்குநருக்குத் தனி அறை வேண்டுமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். ஆலோசனை அறை இல்லாத அலுவலகத்தில் இயக்குநருக்கு அறை இருக்கக் கூடாது. அவர் இல்லாத நேரத்தில் அந்த அறையை ஆலோசனைக்குக் கொடுப்போம் என்ற சமரசம் காகிதத்தில் மட்டும்தான் நடக்கும்.

கட்டடம் பார்க்கப் போகும்போது கையில் அளவு நாடா இருக்கட்டும். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பலகை ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12-க்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்று பல நாடுகளின் விதிகள் சொல்கின்றன. அப்படியானால் அந்த ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும்; அதன் மேல்முனையில் நாற்காலி நின்று கதவைத் திறக்கச் சமதளமும் வேண்டும். வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறதா, அது உரிமையாளருடையதா, தெருவா? சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டம் தேவை, கழிப்பறைக்குள்ளும்தான். கதவு திறந்திருக்கும்போது வழி குறைந்தது 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் அது பாதி மாடிப்படியில் நிற்கும் லிஃப்ட்டாக இருக்கும், அங்கிருந்து இன்னும் ஏழெட்டுப் படி ஏற வேண்டும்.

அளவெடுத்து முடித்ததும், உங்கள் சேவையைப் பயன்படுத்துகிறவர்களில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு ஒப்பந்தத்துக்கு முன்பே இடத்தைக் காட்டுங்கள். பொதுப் போக்குவரத்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். மாலையில் விளக்கு எரியாத தெருவையும் நிழலே இல்லாத நீண்ட நடையையும் அவர்கள் சொல்வார்கள். நாம் வண்டியில் வந்து இறங்கியிருப்போம், அதனால் பார்த்திருக்க மாட்டோம்.

ஸ்டோர் ரூமையும் ஆவண அறையையும் பற்றி ஒரு சேதி. காகிதத்தின் எடையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அலுவலகத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவு சுமைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. நூலக அடுக்கறைகளுக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் கேட்பது ஏறக்குறைய 730 கிலோ. பல வருடக் கோப்புகளை இரும்பு அலமாரிகளில் நெருக்கி அடுக்கி மேல்மாடியின் நடுவில் வைப்பதற்கு முன் பொறியாளர் ஒருவரிடம் கேட்பது நல்லது. அதைவிட நல்லது, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த கோப்புகளை இடமாற்றத்துக்கு முன்பே முறைப்படி அழித்துவிடுவது. யாரும் திறக்காத பெட்டிகளுக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறோம் என்பதைக் கணக்காளர் எடுத்துச் சொன்னால் நிர்வாகக் குழு கேட்கும். மேசை நாற்காலி, இணைய இணைப்பு, மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு இவற்றையெல்லாம் எல்லோரும் எப்படியும் பட்டியல் போட்டுவிடுவார்கள். அதனால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

பணத்துக்கு வருவோம். உரிமையாளர் சொல்லும் பரப்பும் உள்ளே கால் வைக்கக் கிடைக்கும் பரப்பும் ஒன்றல்ல. மாடிப்படி, லிஃப்ட், பொது வராந்தா ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்துத்தான் பல இடங்களில் வாடகை போடுகிறார்கள். நமது 2,800 சதுர அடி கார்பெட் ஏரியாவின் (உள்ளே கிடைக்கும் பரப்பின்) மேல் 20 விழுக்காடு ஏற்றினால் 3,360 சதுர அடிக்கு வாடகை கட்ட வேண்டும். இரண்டு கட்டடங்களை ஒப்பிடும்போது மொத்த வருடச் செலவை உள்ளே கிடைக்கும் பரப்பால் வகுத்துப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், காவல், துப்புரவு, காப்பீடு எல்லாம் அந்த மொத்தத்துக்குள் வர வேண்டும். "குறைந்த வாடகை" என்று வந்த கட்டடம் பல முறை இந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விடும்.

இலவசமாக வரும் கட்டடத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நல்ல மனதோடு ஒருவர் தன் பழைய கட்டடத்தில் ஒரு மாடியைத் தருகிறார். மறுக்க மனம் வராது. ஆனால் கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது? அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் என்ன சொல்வார்கள்? அந்த இடம் உங்களைத் தேடி வருகிறவர்களிடமிருந்து எவ்வளவு தூரம்? நீங்கள் போட்ட தடுப்புச் சுவர், வயரிங், சாய்தளம் எல்லாம் வெளியேறும் நாளில் யாருக்குச் சொந்தம்? ஐந்து வருடத்துக்கு எழுத்து ஒப்பந்தமும், யார் எதைப் பழுதுபார்ப்பது என்ற பட்டியலும் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுப்பவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்; நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவார்.

வாடகைச் செலவைப் பற்றிப் பேசவே தொண்டு நிறுவனங்கள் கூச்சப்படுகின்றன. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல அமைப்பு என்ற எண்ணம் நிதி கொடுப்பவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பான் குழுவின் ஆன் கோகின்ஸ் கிரெகரியும் டான் ஹோவர்டும் 2009-இல் இதைப் பட்டினிச் சுழற்சி என்று விளக்கினார்கள்: கொடுப்பவர் உண்மைக்குப் புறம்பாகக் குறைந்த செலவை எதிர்பார்க்கிறார், அமைப்பு அதற்கேற்ப வெட்டிக் குறைத்துக் காட்டுகிறது, அந்தக் குறைந்த எண்ணே அடுத்த முறை எதிர்பார்ப்பாகிவிடுகிறது. ஒழுகும் கூரையும் கதவில்லாத ஆலோசனை அறையும் இந்தச் சுழற்சியில்தான் பிறக்கின்றன.

இதிலிருந்து வெளியே வர அந்த வார நோட்டே உதவும். எந்தத் திட்டம் எந்த அறையை எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறது என்பது அதில் இருக்கிறது. பயிற்சிக் கூடத்தின் நேரத்தில் 40 விழுக்காட்டை ஒரு திட்டம் எடுத்துக்கொண்டால், கூடத்தின் செலவில் 40 விழுக்காட்டை அந்தத் திட்டத்தின் பட்ஜெட்டில் போடலாம். பங்கிடும் முறையை எழுதிவைத்து எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே மாதிரி பின்பற்றினால் ஆடிட்டரிடமும் நிதி கொடுப்பவரிடமும் தயங்காமல் காட்டலாம். விண்ணப்பம் எழுதும்போதே இதைச் சேர்த்துவிட வேண்டும். பணம் வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

ஒப்பந்தத்தில் பெரிய ஆபத்து காலம் பொருந்தாமல் போவதுதான். மானியம் மூன்று வருடம், வாடகை ஒப்பந்தம் ஒன்பது வருடம், அதில் லாக்-இன் (இடையில் வெளியேற முடியாத காலம்) ஐந்து வருடம் என்றால் நான்காம் வருட வாடகை எங்கிருந்து வரும்? மூன்று நிலைமைகளை எழுதிப் பாருங்கள்: வேலை பெருகுகிறது, இப்படியே தொடர்கிறது, இருப்பதிலேயே பெரிய மானியம் நின்றுபோகிறது. முதல் நிலைமையை மனதில் வைத்துக் கட்டடத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. நான் மூன்றாவதை வைத்து ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்வேன். முன்னறிவிப்புக் கொடுத்து இடையில் வெளியேற வழி இருக்கிறதா? இன்னோர் அமைப்புக்கு ஒரு பகுதியை உள்வாடகைக்கு விடலாமா? முன்பணம் எப்போது, எந்தப் பிடித்தங்களோடு திரும்பும்? கட்டடத்தை எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதித்திருக்கிறார்கள், அதில் பயிற்சி வகுப்பும் குழந்தைகள் காப்பகமும் அடங்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் குடியேறிவிட்டு, பக்கத்து அலுவலகத்தின் புகாருக்குப் பிறகு வகுப்பை நிறுத்திய அமைப்பை எனக்குத் தெரியும். பிள்ளைகள் பாதி வருடத்தில் இடம் மாற வேண்டியிருந்தது.

பகிர்ந்த இடம் என்ற வழியும் உண்டு. டொரொண்டோவில் 2004-இல் திறக்கப்பட்ட சமூகப் புதுமை மையம் சமூக நோக்குள்ள பல அமைப்புகளுக்கு ஒரே கட்டடத்தில் இடம் கொடுத்துக் கூடம், வரவேற்பு, பிரதி எடுக்கும் கருவி எல்லாவற்றையும் பொதுவாக்கியது. சின்ன அமைப்புகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பொது வரவேற்பில் இருப்பவர் உங்களைத் தேடி வந்தவரிடம் "எதற்காக வந்தீர்கள்?" என்று உரக்கக் கேட்காமல் இருக்க வேண்டும். கூடத்தை யார் எப்போது எடுப்பது, இரவில் யார் பூட்டுவது, ஓர் அமைப்பு விலகினால் அதன் வாடகைப் பங்கை யார் கட்டுவது என்பதெல்லாம் நட்பாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டியவை.

இதையெல்லாம் முடிவு செய்யும் குழு ஏழு பேருக்கு மேல் போனால் கூட்டம் கூடுவதே பெரும்பாடு ஆகிவிடும். அறங்காவலர் ஒருவர், கணக்காளர், களப்பணியாளர், ஆலோசகர், சேவையைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், அப்புறம் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற அக்கா. கடைசியாகச் சொன்னவரைக் குழுவில் போடுங்கள் என்றால் சிலர் தயங்குவார்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த ஜன்னல் பூட்டாது, மாலையில் எல்லோரும் போன பிறகும் யார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது; முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள். அறங்காவலர் பேசி முடித்த பிறகு அவர் வாய் திறக்க மாட்டார்.

இப்போதைய ஒப்பந்தம் முடிய 18 மாதம் இருக்கும்போதே தொடங்கினால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். முதல் மூன்று மாதம் நோட்டும் கணக்கும். அடுத்த ஆறு மாதம் கட்டடம் தேடல், பேச்சுவார்த்தை. மீதியில் வழக்கறிஞர் பார்வை, அனுமதிகள், தடுப்புச் சுவர், வயரிங், குடியேற்றம். ஏதாவது தாமதமானால் சமாளிக்க இரண்டு மாத இடைவெளி. நிதி கொடுப்பவரிடம் ஒருமுறைச் செலவுக்காகக் கேட்பதென்றால் அவர்களுடைய நிதியாண்டுக் கடைசித் தேதியையும் இந்த அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். புது இடத்துக்குப் போய் ஆறு மாதம் ஆனதும் அந்த நோட்டை மறுபடி எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். ஆலோசனை அறையில் கோப்புப் பெட்டிகள் குடியேறியிருந்தால் அந்த வாரமே அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.